சேவலும் விளக்கும்

1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள சிறிய நாடான மலாவியின் கத்தோலிக்கக் கோயில்களில் வழக்கம்போல் மக்கள் கூடினர். தவக்காலத்து முதல் ஞாயிறு அது. பாவத்தை எண்ணி வருந்துங்கள், நோன்பு நோற்றிடுங்கள், ஏழைக்கு இரங்குங்கள் என்று பாதிரியார் சொல்லுவார். கேட்டு, மண்டியிட்டு, வீடு திரும்பலாம் என்றுதான் வந்திருந்தனர். பாதிரியார் கையிலோ அன்று ஒரு மடல் இருந்தது. நாட்டின் ஏழு மறைமாவட்டங்களின் தலைவர்கள் எழுவரும் கையொப்பமிட்டு அனுப்பிய மடல். அவர் படிக்கத் தொடங்கினார். கோயில் முழுவதும் மூச்சடங்கிக் கேட்டது.

ஏன்? அந்த மடலில் இருந்தவை எல்லாரும் அறிந்தவை. எவரும் வாய்விட்டுச் சொல்லாதவை!

ஒரு சிலர் செல்வத்தில் புரளுகின்றனர். உழைப்பவனின் கூலியோ அவன் வீட்டு அடுப்பெரியப் போதவில்லை. பள்ளிகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றனர். ஆசிரியர் போதாது, கல்வியின் தரம் தாழ்கிறது. மருத்துவமனைகள் போதவில்லை, இருக்கும் இடத்திலும் செல்வாக்குள்ளவனுக்கு ஒரு கவனிப்பு, இல்லாதவனுக்கு இன்னொரு கவனிப்பு. லஞ்சமும் சலுகையும் தழைக்கின்றன. உண்மையைச் சொன்னவன் குற்றவாளி ஆகிறான். முறையான விசாரணையின்றிச் சிறையில் வாடுகிறான் — இவ்வாறு சென்றது மடல். ஒரே தலையால் கூரையைச் சுமக்க முடியாது என்னும் அந்நாட்டுப் பழமொழியையும் நினைவூட்டியது.

அம்மட்டே! அதிபர் பதவி விலக வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. இன்ன கட்சியை ஆதரியுங்கள் என்ற வேண்டுகோள் கிடையாது. ஆயுதம் எடுங்கள் என்ற அறைகூவல் கிடையாது.

இதற்கா ஓர் அரசு நடுங்கிற்று? ஆம், நடுங்கிற்று!

அந்நாட்டை அப்போது ஆண்டவர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பாண்டா. எளிய குடியிற் பிறந்து, கடல் கடந்து சென்று மருத்துவம் படித்து, நாட்டின் விடுதலைக்காகத் திரும்பி வந்தவர். 1959இல் வெள்ளை அரசு அவரைச் சிறையிலடைத்தது. 1964ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, மக்கள் அவரைத் தந்தை எனக் கொண்டாடினர். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. விடுதலை வீரராக வந்தவர்தான் அவர்.

வந்தவர் என்ன ஆனார்? தம் கட்சியான மலாவி காங்கிரசு ஒன்றைத் தவிர வேறு கட்சி கூடாது என்றார். 1971இல் வாழ்நாள் அதிபர் ஆனார். கட்சி அட்டை இல்லாதவன் சந்தைக்குள் நுழைய முடியாது, பேருந்தில் ஏற முடியாது என்னும் நிலை வந்தது. பெண்கள் காற்சட்டை அணியக் கூடாது, ஆண்கள் முடி நீள வளர்க்கக் கூடாது என்று உடைக்கும் முடிக்கும்கூடச் சட்டம் போட்டார். 'பிரெஸ்' என்னும் மாபெரும் வாணிக நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ முழுவதும் அவர் பெயரில் இருந்தன. 1983ஆம் ஆண்டு மே திங்களில் அமைச்சர்கள் மூவரும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் கார் விபத்தில் மாண்டதாக அரசு அறிவித்தது. அது விபத்தல்ல, கொலை என்பதைப் பிற்காலத்து விசாரணை வெளிப்படுத்தியது.

இத்தனையும் செய்தவர் நாத்திகரா? இல்லை, நண்பர்களே! ஸ்காத்லாந்துத் திருச்சபையில் மூப்பர் என்னும் மதிப்பைப் பெற்றவர், வேதம் அறிந்தவர்.

அவர் ஆட்சியின் நான்கு தூண்கள் என்று நாடெங்கும் முழக்கப்பட்டவை: ஒற்றுமை, பற்று, கீழ்ப்படிதல், கட்டுப்பாடு. நல்ல சொற்கள்தாம். ஆனால் நான்கும் எந்தத் திசை நோக்கி நிற்கின்றன என்று பாருங்கள். நான்கும் குடிமகன் தலைவனுக்குச் செலுத்த வேண்டியவை. தலைவன் குடிமகனுக்குச் செலுத்த வேண்டியது எது? ஐந்தாவது தூண் ஒன்று வேண்டுமல்லவா? கணக்குக் காட்டுதல் என்னும் அந்தத் தூணை அவர் நாட்டவே இல்லை. ஆயர்களின் மடல் சுட்டியது அந்த வெற்றிடத்தைத்தான்.

மடல் படிக்கப்பட்ட சில நாள்களுக்குள் ஆயர்களைக் காவல் துறை அழைத்துப் பலமணி நேரம் விசாரித்தது. அந்த மடலை வைத்திருப்பதே அரசத் துரோகம் என்று அறிவிப்பு வந்தது. கட்சியின் பெருந்தலைகள் கூடிய கூட்டத்தில் ஆயர்களைக் கொன்றுவிடலாம் என்றே பேசினர். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகி வெளியே கசிந்து உலகத்தின் காதுக்கு எட்டிற்று. கையொப்பமிட்ட எழுவரில் ஒருவரான அயர்லாந்துக்காரர் ஜான் ரோச்சு நாடு கடத்தப்பட்டார்.

ஆனால் அச்சேறிய ஏறத்தாழ 16,000 படிகளும் ஊரூராய்ப் போய்விட்டன. படியெடுத்துப் படியெடுத்துப் பரப்பினர். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஏப்ரல் திங்களில் தொழிற்சங்கத் தலைவர் சக்குபுவா சிகானா துணிந்து நாடு திரும்பினார். வானூர்தி நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். மே திங்களில் பிளாண்டயர் நகரத்து ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. உதவி அளித்துவந்த நாடுகள் கைவிரித்தன. பாண்டாவுக்கு நெருக்கமாயிருந்த பிரெஸ்பிடேரியன் சபையாரும் குரல் கொடுத்தனர். கிறித்தவ சபைகளும், இசுலாமியர் சங்கமும், வழக்கறிஞர்களும் ஒரே குழுவில் அமர்ந்து அரசுடன் பேசினர்.

மடல் ஒன்றே பாண்டாவை வீழ்த்தியது என்று சொன்னால் மிகை. தொழிலாளியின் இரத்தமும், மாணவனின் துணிவும், மாறிவிட்ட உலக நிலையும் சேர்ந்து வீழ்த்தின. ஆனால் முதல் வாய் திறக்க வேண்டுமே! ஊரே அறிந்த உண்மையை ஊரறியச் சொல்ல ஒருவர் வேண்டுமே! அதனைச் செய்தது அந்த மடல்.

1993ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஒரே கட்சி ஆட்சி வேண்டுவோர்க்குச் சின்னம் கருஞ்சேவல். அது ஆளுங்கட்சியின் சின்னமே. பல கட்சி ஆட்சி வேண்டுவோர்க்குச் சின்னம் அரிக்கேன் விளக்கு. நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் விளக்கைத் தேர்ந்தெடுத்தனர்! 1994ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் நடந்த தேர்தலில் வாழ்நாள் அதிபர் தோற்றார்.

இதனை ஏன் இந்த ஏட்டில் எழுதுகிறோம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். நாம் கோயிலுக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தார் அல்லோம். மதத்தை அரசியலில் நுழைக்காதே என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் நாம். அப்படியிருக்க, ஆயர்கள் ஆட்சியைப் பற்றிப் பேசியதை நாம் மெச்சலாமா?

மெச்சலாம். பீடம் கேட்பது வேறு. கணக்குக் கேட்பது வேறு. எங்கள் கடவுளின் பெயரால் எங்களுக்கு ஆட்சியைத் தா என்று ஒரு மதத்தார் கேட்டால், அதனை எதிர்த்து நிற்போம். அந்த மதம் எதுவாயினும் சரியே. ஆனால் நீ வசூலித்த வரி எங்கே, நீ பிடித்துச் சென்ற மகன் எங்கே, நீ சொன்ன பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்பவன் தன் மனச்சான்றை வேதத்திலிருந்து பெற்றானா, குறளிலிருந்து பெற்றானா, பகுத்தறிவிலிருந்து பெற்றானா என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. கேள்வி நியாயமானதா என்பதே நம் கவலை.

கிறித்தவர்களிலேயே சிலர் வேறொரு தடை சொல்லுவர். அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று பவுலடியார் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் சொல்லவில்லையா என்பர். கொடுங்கோலர் பலருக்கு வேதத்தில் தெரிந்த அதிகாரம் அது ஒன்றுதான்! அதே அதிகாரம் ஆட்சியாளனைக் கடவுளின் ஊழியன் என்றல்லவா அழைக்கிறது? ஊழியன் என்றால் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன். கணக்குக் கேட்க முடியாதவன் ஊழியன் அல்லன், முதலாளி.

எழுதிய பவுல் எப்படி நடந்துகொண்டார்? பிலிப்பி நகரத்தில் அதிகாரிகள் அவரை விசாரணையின்றிப் பிரம்பால் அடித்துச் சிறையில் தள்ளினர். மறுநாள், ஓசைப்படாமல் போய்விடு என்று சொல்லியனுப்பினர். அவர் போனாரா? உரோமைக் குடிமகனான என்னை ஊரறிய அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அடித்தவர்களே நேரில் வரட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். வந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள், அதன் பிறகே போனார். கீழ்ப்படிதலைப் பற்றி எழுதிய அதே மனிதர்தாம் இவர்!

தாவீது அரசன் பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனையில் சாகவிட்டபோது, நாத்தான் அரண்மனைக்கே சென்று குற்றத்தை முகத்துக்கு நேரே சுமத்தினான். ஆகாப் மன்னன் நாபோத்து என்னும் குடியானவனின் திராட்சைத் தோட்டத்தை வஞ்சகமாய்ப் பறித்தபோது, எலியா அந்தத் தோட்டத்திலேயே போய் நின்றான். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்த கண்ணகியை அறிந்த நமக்கு இவர்கள் அயலார் அல்லர். நாத்தான் எந்த அரசனைக் கேட்டான் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பகைநாட்டு மன்னனையா? இல்லை, தன் இனத்தவனை, தன் மதத்தவனை, தான் போற்றிய தலைவனை!

மலாவியின் திருச்சபைகள் குற்றமற்றவை என்று நாம் எழுத மாட்டோம். விடுதலை பெற்றது 1964இல். மடல் வந்தது 1992இல். இடையில் 28 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது? யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறு பிரிவினர் கட்சி அட்டை வாங்க மறுத்தனர். எங்கள் அரசர் வேறு, எந்தக் கட்சியிலும் சேரோம் என்றனர். 1967இல் அவர்கள் தடை செய்யப்பட்டனர். வீடுகள் எரிந்தன, பெண்கள் மானபங்கப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் சாம்பியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் ஓடினர். பெரிய சபைகள் பெரும்பாலும் வாய்மூடி இருந்தன. அவர்கள் நம்மவர் அல்லர் என்ற எண்ணம். பேசினால் நம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கேடு வருமோ என்ற அச்சம். அயலான் வீட்டில் பற்றிய நெருப்பு நம் வீட்டுக்கு வராது என்று எண்ணினர். வந்தது! சேவல் கூவுமுன் தன் தலைவரை மறுதலித்த பேதுருவின் கதை கிறித்தவர் அனைவரும் அறிந்ததே. மலாவியில் அந்தக் கருஞ்சேவல் 28 ஆண்டுகள் கூவிற்று. பேதுரு ஒரு முறை கூவியதும் அழுதார்; இவர்களுக்கு நெடுநாள் ஆயிற்று. எனினும் விழித்தனர் என்பதே ஆறுதல்.

விழித்தவர்கள் மீண்டும் தூங்கினார்களா? இங்கேதான் மலாவியின் கதை நமக்குப் பாடமாகிறது.

1994இல் வென்றவர் பகிலி முலூசி. இசுலாமியர். கிறித்தவர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், மதம் பாராது மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். நமக்கு மகிழ்ச்சியூட்டும் செய்தி. மாற்றத்துக்குப் போராடிய சபைகள் திறந்த வழியில் வந்த தலைவர் அவர். இரண்டு முறை ஆண்டார். அரசியல் சட்டம் அதற்குமேல் இடந்தரவில்லை. சட்டத்தைத் திருத்தி எத்தனை முறையும் நிற்கலாம் என்று செய்திட முயன்றார்கள் அவருடைய ஆட்கள். 2002 மே திங்களில், அதனைப் பற்றி ஆதரித்தோ எதிர்த்தோ ஊர்வலமே கூடாது என்றார் அதிபர். ஆயர்களும் பிரெஸ்பிடேரியன் சபையாரும் எதிர்த்து நின்றனர். இவர் நாம் கொண்டுவந்த மாற்றத்தின் தலைவராயிற்றே, இவரை எதிர்த்தால் பாண்டாவின் கட்சிக்கு ஆதாயமாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை. 2002 சூலையில் அந்தத் திருத்தம் வாக்குக்கு வந்தது. வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்றே வாக்குகள் குறைந்தன, வீழ்ந்தது!

மூன்றாவது கணக்கு இன்னும் கடினமானது. 2019ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியிருந்ததும் பிற முறைகேடுகளும் வெளியாயின. 2020 பிப்ரவரி 3ஆம் நாள் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே செல்லாது என்றது. அவ்வாண்டு சூனில் நடந்த மறுதேர்தலில் வென்றவர் லாசரசு சக்வேரா. யார் இவர்? ஒரு போதகர்! அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையை அந்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமையேற்று நடத்தியவர். பிரசங்க மேடையிலிருந்து ஆட்சிப் பீடத்துக்கு வந்தவர். அவர் தலைமை தாங்கிய கட்சி எது தெரியுமா? அதே மலாவி காங்கிரசு, அதே கருஞ்சேவல்!

மேய்ப்பரே அரசரானார், இனி வேதம் கற்றவர்களுக்கு என்ன வேலை, அல்லேலூயா பாடிக்கொண்டு இருக்கலாம் என்று எவரேனும் எண்ணியிருக்கலாம். 2024ஆம் ஆண்டுத் தவக்காலம் வந்தது. மீண்டும் ஆயர்களின் மடல் கோயில்களில் படிக்கப்பட்டது. மலாவியின் துயரக் கதை என்று அதற்குப் பெயர். வேலையின்மை, ஊழல், வேண்டியவர்க்குப் பதவி, நிறைவேறாத வாக்குறுதி என்று போதகரின் ஆட்சியையும் அதே உரைகல்லில் உரைத்துக் காட்டினர். 2025 செப்டம்பர்த் தேர்தலில் மக்கள் அவரையும் வீட்டுக்கு அனுப்பினர். அவரும் தோல்வியை ஏற்றுக்கொண்டு இறங்கினார். 1992இல் இருந்த நாட்டுக்கும் இன்றுள்ள நாட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த இறக்கத்திலேயே தெரிகிறது.

சபை மூப்பர் ஒருவர், இசுலாமியர் ஒருவர், போதகர் ஒருவர். மூவரிடமும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. இவர் நம்மவரா என்பதல்ல அந்தக் கேள்வி. இவர் என்ன செய்தார் என்பதே! நம்பிக்கையின் பெயரால் ஆளைத் தேர்ந்தெடுப்பது எளிது; அந்த நம்பிக்கைக்கு உண்மையாயிருந்து, தேர்ந்தெடுத்த ஆளையே கேட்பது அரிது. அரியதைச் செய்தவர்களை நாம் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டால், ஊருக்குத்தான் உபதேசம் என்று நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாண்டாவின் நாட்டில் ஒரு நாளேடும் ஒரு வார ஏடும் வந்தன. இரண்டும் அவர் கைக்குள். அவை நாள்தோறும் அவர் புகழ் பாடின. கோயில் மணி அடித்துச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? ஏடுகள் எழுத வேண்டியதை எழுதாததால் வந்தது! கட்சி ஏடு நடத்தும் நமக்கு இது சுடத்தான் செய்கிறது. மாற்றார் ஆளும்போது பாலம் இடிந்தால் ஆட்சியின் குற்றம். நம்மவர் ஆளும்போது இடிந்தால் மழையின் குற்றமா? நாமும் அப்படி எழுதியதுண்டு. இனி எழுதும்முன் மலாவியை எண்ணிக்கொள்வோம்.

நமக்கும் கட்டுப்பாடு உயிர்ச்சொல்தான். ஆனால் கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா வரிசைப்படுத்தியபோது கடமையையும் கண்ணியத்தையும் முன்னே வைத்தார். கடமை தவறிய தலைவனைக் காக்கும் கட்டுப்பாடு, கட்டுப்பாடன்று, வாய்ப்பூட்டு. கிளைக் கூட்டத்தில் எழுந்து, வசூலித்த நிதிக்குக் கணக்கு எங்கே என்று கேட்கும் தொண்டனை மாற்றாரின் கையாள் என்று பழிப்பவர்தாம் கட்சிக்குக் குழி பறிப்பவர். கேட்பவன் கட்சியைத் தன் வீடாக எண்ணுவதால் கேட்கிறான். வாடகைக்கு இருப்பவனா கூரை ஒழுகுவதைப் பற்றிக் கவலைப்படுவான்?

நம் கிறித்தவத் தோழர்களுக்கும் ஒரு சொல். கிறிசுதுமசு விழாவுக்குத் தலைவர்கள் வருவார்கள், கேக்கு வெட்டுவார்கள், விவிலியக் கதை ஒன்று சொல்லிக் கைத்தட்டல் வாங்குவார்கள். எங்கள் கட்சித் தலைவர்களும் வருவார்கள். வரவேற்பளியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கேக்கைத் தின்று முடித்ததும் கேளுங்கள்: மீனவர் குப்பத்துச் சாலை எங்கே? துப்புரவுத் தொழிலாளியின் கூலி உயர்வு எங்கே? போன தேர்தலில் சொன்னது எங்கே? கேட்கும் அதே வாயால் உங்கள் சபையையும் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு மூலை வைத்திருக்கும் சபை எங்கேனும் இருந்தால், அது அரசனிடம் நியாயம் கேட்கும் தகுதியை இழந்து நிற்கிறது என்று சொல்லுங்கள்.

பாண்டா 1997இல் மறைந்தார். அவருக்கு நினைவு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். விடுதலைக்கு அவர் செய்த தொண்டை மக்கள் மறக்கவில்லை. நன்றி வேறு, கணக்கு வேறு என்பதை அந்த எளிய மக்கள் அறிந்திருக்கிறார்கள். தலைவனுக்கு மாலையும் போடலாம்; கேள்வியும் கேட்கலாம். மாலை மட்டும் போடும் தொண்டர்களைப் பெற்ற தலைவன் நற்பேறு பெற்றவன் அல்லன். இருட்டில் நடக்கவிடப்பட்டவன்.

சேவல் கூவினால் பொழுது விடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். விடிந்த பிறகும் எண்ணெய் வார்த்து வைத்திருக்க வேண்டும். அந்த விளக்கை மாற்றான் முகத்துக்கு நேரே மட்டுமின்றி, நம் தலைவர்களின் முகத்துக்கு நேரேயும் தூக்கிப் பிடிப்போம். பிடிக்கும் கை நடுங்காதிருக்கட்டும்!